நடந்தும் குறையாத சீனி

"நடக்கணும்" என்று முத்துச்சாமி டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எங்க டாக்டர்?" என்பதுதான்.

"எங்கயும் இல்லய்யா. சும்மா நடங்க. காலையில ஒரு மணி நேரம் கைய வீசி நடங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். வேலை வெட்டி இல்லாமல் ஒரு மனுஷன் எதற்காக நடப்பான்? திண்டுக்கல்லில் தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் கேட்பதே "எங்க கெளம்பிட்டீக?" என்றுதான். அதற்கு "சும்மா" என்று பதில் சொன்னால் ஒன்று அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். இது அறுபத்தொன்றாம் வருடம். காசு கொடுத்து வைத்தியம் பார்க்கப் போனால் இப்படி ஒரு வைத்தியமா என்று எனக்கும் குழப்பம்தான்.

ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயை நான் பார்த்துவிட்டேன். நீல நிறத் தண்ணீரில் இவருடைய சிறுநீரைச் சொட்டுவிட்டுச் சூடு காட்டினார் டாக்டர். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. "நீலமாவே இருந்தா நல்லது. செங்கல் கலர் வந்தா ஆபத்து" என்றார். இவருடைய அண்ணன் சனாவுல்லா இதே சீனி வியாதியில் போனவர். முதலில் கால்விரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மேற்கொண்டு எடுக்க விடாமல் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கிதர் முகம்மதுவுக்கு பேகம்பூரில் ஆட்டுத்தோல் மண்டி. காலையில் அழகர் தன் குதிரை ஜட்காவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவான். ஏறி உட்கார்ந்தால் மண்டி, இறங்கினால் திண்டு. மறுபடி ஏறினால் வீடு, இறங்கினால் சோறு. இந்த மனுஷனை நடக்க வைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

"வெயிலு" என்றார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அப்படியே நடங்கள், அப்போது ஏது வெயில் என்றேன். "பனி" என்றார். மஃப்ளர் எடுத்துக் கொடுத்தேன். செருப்பு கடிக்கிறதாம். தோல் மண்டி வைத்திருக்கிறவர் சொல்கிற பேச்சா இது? புதுச் செருப்பு தைத்து வந்தது. அடுத்து, முதலாளி நடந்து போனால் மண்டி படுத்துவிட்டது என்று ஊர் பேசுமாம். பேசட்டும், ஊரா வந்து நமக்குக் கால் கொடுக்கப் போகிறது என்றேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், நான் அசந்துபோனேன்.

"நான் நடந்துட்டா அழகரோட குருத பசியில கெடக்காதா? பாவம்ல?"

"குருதைக்கு இரக்கப்படுற மனுசன் பொண்டாட்டிக்கு இரக்கப்பட மாட்டீகளா?" என்று கத்திவிட்டேன். அழகரையே கூப்பிட்டு, மண்டிக்கு எப்போதும்போல வா, காலை நடைக்கு மட்டும் குறுக்கே வராதே என்று சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மொதலாளி எங்கம்மா நடக்கப் போறாக?" என்று கேட்டான். போடா என்றேன்.

இத்தனைக்கும் அசையாதவர் ஒருநாள் தானாகவே சரி என்றார். சுபுஹு தொழப் பள்ளிக்குப் போனவர் வெயில் ஏறித்தான் வீடு திரும்பினார். செருப்பெல்லாம் புழுதி. முகத்தில் ஒரு களை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். நான் ஒன்றும் சொல்லாமலே கிளம்பினார். மழை தூறிய அன்றுகூடக் குடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்ற குழப்பம் ஒரு பக்கம். நல்லது நடக்கும்போது கிண்டுவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனோம். குழாயைச் சூடு காட்டினார். பழைய செங்கல் நிறமே தேவலை. இப்போது செங்கலைக் குழைத்துவிட்டாற்போல் கெட்டியாக நின்றது.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நடக்குறாருங்கிறீங்க. மாத்திரையும் சாப்பிடுறாரு. அப்ப வீட்டுல என்னம்மா குடுக்குறீங்க?"

எனக்கு நாண்டுகொள்ளலாம் போல ஆகிவிட்டது. சீனி டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறேன். தினமும் பாகற்காய் வெஞ்சனம். எனக்கே நாக்கு செத்துக் கிடக்கிறது. நான் சீனி கொடுக்கிறேனாம்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜட்காவில் அவரைக் கேட்டேன். "சத்தியமா நான் வீட்டுல சீனியத் தொடல புள்ள. நீதான் பாக்குறியே" என்றார். அதுவும் உண்மைதான். நடக்கிறார், தின்னவில்லை, ஆனாலும் ஏறுகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அன்று முழுக்க உலையில் அரிசியைப் போட்டேனா இல்லையா என்றுகூட நினைவில்லாமல் திரிந்தேன்.

மறுநாள் காலையில் அவர் தொழக் கிளம்பியதும் நானும் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டேன். பால் கொண்டுவந்த மூக்காயி, "எங்கம்மா கெளம்பிட்டீக?" என்று வாயைப் பிளந்தாள். பாலை அடுப்படியில் வைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவர் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தார். கையை வீசி நன்றாகத்தான் நடந்தார். இரண்டு வீடு தாண்டவில்லை, முகமது பாரூக் தன் வாசலிலிருந்து, "வாங்க பாய், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். இவர் உள்ளே போனார், வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் நடந்தார். பின்னாலேயே ரெட்டியார்சத்திரத்திலிருந்து கத்தரிக்காய் ஏற்றி வந்த மலைச்சாமியின் வண்டி. "ஆத்தாடி, மொதலாளி நடந்து வாரீகளே! ஏறுங்க மொதல்ல" என்று அவன் மாட்டை நிறுத்தினான். இவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். மூட்டைக்கு மேல் மூட்டையாக அவர் ஆடிக்கொண்டு போக, பின்னால் நான் மூச்சிரைக்க ஓடுகிறேன். நோய் அவருக்கு, நடை எனக்கு!

வண்டியிலிருந்து இறங்கி அவர் நுழைந்த வீட்டைப் பார்த்ததும்தான் என் கால் நின்றது. அது எங்கள் சம்பந்தி குர்ஷித் பேகம் வீடு. எங்கள் ஒரே மகள் ஷரீஃபாவைக் கட்டிக்கொடுத்த வீடு.

நானும் பின்னாலேயே நுழைந்தேன். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் தட்டு, தட்டில் நெய் மினுங்கும் தம்ரூட் இனிப்பு. பக்கத்தில் சீனி போட்ட தேங்காய்ப்பாலும் இடியாப்பமும். ஷரீஃபா சொம்போடு நின்று அத்தாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

நான் வாயைத் திறப்பதற்குள், "வாங்க சம்பந்தி! நீங்களும் வந்தீகளா? பசியாறாமப் போகக் கூடாது" என்று குர்ஷித் பேகம் என் கையிலும் ஒரு தட்டைத் திணித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள். நான் தின்றேன். ஒரு துண்டுகூட மீதி வைக்காமல் தின்றேன்.

திரும்பி வரும்போது எனக்கு அவர்மேல் கோபமா என்மேல் கோபமா என்றே தெரியவில்லை. "வீட்டுல தொடலன்னு சத்தியம் பண்ணுனீகளே" என்றேன்.

"வீட்டுல தொடலதான்."

"இதுக்குப் பேரு நடையா?"

"டாக்டரு சும்மா நடங்கன்னாரு. சும்மா எப்புடி நடக்கிறது? மகளப் பாக்கப் போறோம்னு நெனச்சா காலு தானா போகுது. போனா தட்ட நீட்டுறாக. வேணாம்னா, எங்க வீட்டுத் தட்டு எறங்கலையான்னு பேச்சு வரும். எனக்கு என்ன வந்துச்சு, அந்தப் பேச்சக் கேக்குறது நம்ம மகதானே? வருசம் ஒண்ணுகூட ஆகல அந்த வீட்டுக்குப் போயி."

வேறு தெருவில் நடங்கள் என்று சொல்லலாம்தான். அங்கேயும் ஒரு பாரூக் இருப்பார், ஒரு மலைச்சாமி இருப்பான். மகளைப் பார்க்காதீர்கள் என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அவர் அண்ணனைக் கட்டிலில் பார்த்ததுபோல இவரையும் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வழி அவருக்குத்தான் முதலில் தோன்றியது. "நீ கூட வந்தா?" என்றார். "பொம்பளையோட போறவன யாரு நிப்பாட்டிப் பேசுவா?"

அது சரிதான். வீட்டுப் பெண்ணோடு போகிற ஆளை வழியில் மறித்துப் பேசுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. சலாம் மட்டும் சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? முழங்கால் வலி. அடுப்பு வேலை யார் பார்ப்பது. இந்த வயதில் புருஷனும் பெண்டாட்டியும் காலையில் ஊர்வலம் போனால் சிரிக்க மாட்டார்களா. செருப்புகூட ஒழுங்காக இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"செருப்பு தச்சுத் தாரேன்" என்றார்.

முதல்நாள் அவர் முன்னால் போக நான் பின்னால் போனேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானே. பலனில்லை. பாரூக் பாய் என்னைக் கவனிக்காமல், "வாங்க பாய்" என்றார். உடனே எட்டி நடைபோட்டு அவருக்குச் சரிசமமாக வந்து நின்றேன். பாரூக் பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சலாம் சொல்லி, சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மலைச்சாமி வண்டியை நிறுத்தப் போனவன் என்னைப் பார்த்ததும், "தாயி... ஆசுபத்திரிக்கா?" என்றான். இல்லையப்பா என்றேன். அப்புறம் எதற்கு இருவரும் நடக்கிறார்கள் என்று அவனுக்கும் விளங்கவில்லை, மாட்டுக்கும் விளங்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றி உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்தில் நடக்கும்போது அவரோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. வீட்டில் அரிசி, பருப்பு, மண்டி என்று பேசுகிற ஆட்கள் தெருவில் வாயடைத்துப்போனோம். வெட்கமாகக்கூட இருந்தது, சொன்னால் என்ன.

சம்பந்தி வீட்டுத் தெரு வந்தது. ஆம்பிளைகள் ஒதுங்குவார்கள், சரி. குர்ஷித் பேகம் எனக்காக ஒதுங்குவாளா? வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க சம்பந்தி, ரெண்டு பேருமா! உள்ள வாங்க, பசியாறலாம்."

அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நான் அவர் கையைப் பிடித்தேன். நடுத்தெருவில்!

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீக. ஒங்க கைப்பக்குவத்துக்கு ஒரு கொறயும் இல்ல. நேத்து நானே தின்னேன். இவுக உள்ள வந்தா திம்பாக. தின்னா இவுக அண்ணன் போன மாதிரி கொஞ்சங் கொஞ்சமாப் போவாக. எனக்குப் பயமா இருக்கு. எனக்கு இவுக வேணும்" என்று சொல்லிவிட்டேன். பேரன் எடுக்கப் போகிற வயதில், தெருவில் நின்று புருஷன் வேண்டும் என்கிறேன். என்ன பேசுகிறோம் என்று எனக்கே தெரியவில்லை.

குர்ஷித் பேகம் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எங்க வீட்டு வாசப்படி ஒங்களுக்கு ஆகாது. அப்படித்தானே?"

போச்சு, மகளின் வாழ்க்கையில் கல்லைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது உள்ளே இருந்து ஷரீஃபா வந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு மாமியார் பக்கத்தில் நின்றாள்.

"மாமி, அத்தா உள்ள வர வேணாம்" என்றாள். "பெரியத்தா காலு எடுத்தப்ப நானும் பாத்தேன் மாமி. அத்தா தெனமும் இந்த வழியா நடந்து போகட்டும். நான் இங்கனக்குள்ள நின்னு ஒரு தடவ பாத்துக்கிறேன். எனக்கு அம்புட்டுப் போதும்."

புதுமருமகள் தெருவாசலில் நிற்பது அந்த வீட்டில் வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். குர்ஷித் பேகம் அவளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், இன்னும் விடாமல் பிடித்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தாள். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றவள், மருமகள் நிற்க இடம் விட்டு ஒரு ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

"நிக்காதீக அத்தா, நடங்க" என்றாள் ஷரீஃபா.

அவர் நடந்தார். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அங்கே போய்த் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம புள்ள கொஞ்சம் எளச்சாப்புல இல்ல?" என்றார்.

"எனக்குச் சரியாத் தெரியல" என்றேன். "நாளைக்குப் பாப்போம். நடங்க."