நெசவு மாறும் இடம்

பீர்க்கன்கரணை ஏரிக்கு எதிரே இருக்கும் எங்கள் தெருவில் எது நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். லக்ஷ்மிநாராயணன் சார் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு போனது மட்டும் தெரியாமல் போனது. அந்த நேரம் பார்த்தா தண்ணீர் லாரி வரவேண்டும்! எழுபத்தெட்டு வயது, ஞாபகமறதி, பெற்ற மகனையே "தம்பி யாரு?" என்று கேட்கிறவர். அவருடைய ஒற்றைச் செருப்பு ஏரிக்கரையில் கிடைத்தபோது மணி மூன்று.

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகோடு வந்தார்கள். தண்ணீரே தெரியாதபடி ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. "சும்மா தேடினா பொழுது போயிடும். இடத்தைச் சொல்லுங்க சார்" என்றார் ஒருவர். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மகன் ஜெயகிருஷ்ணன் சாஃப்ட்வேர் ஆள், சும்மா இருப்பாரா? கல்யாண வீடியோக்காரரின் ட்ரோனை வரவழைத்து ஏரியைப் படமெடுத்து, லேப்டாப்பை வெள்ளைச் சட்டை தேடச் சொன்னார். அது நாலு கொக்கையும் ஒரு பிளாஸ்டிக் பையையும் காட்டியது.

"இவர் வெள்ளைதானே போடுவார்" என்று அழுதார் மனைவி ரமா மாமி. மகன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இலை நரம்பு வரைக்கும் போய்விட்டார்.

வேடிக்கை பார்த்தவர்களில் அருள்மேரியும் இருந்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் துணியில் குறை பார்ப்பவள். என் நைட்டியில் இழை பிசகியிருப்பதைத் தெருமுனையிலிருந்தே கத்திச் சொன்னவள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"சார், படத்தைச் சின்னதாக்குங்க."

"சின்னதாக்கினா எப்படிம்மா தெரியும்?"

"அப்பத்தான் முழுசா தெரியும். கலரையும் எடுத்துடுங்க."

படம் கறுப்பு வெள்ளையானது. அவள் ஆறடி தள்ளி நின்று கண்ணை இடுக்கினாள். ஒரு நிமிஷம். இரண்டு. முதல் தூறல் லேப்டாப்பில் விழுந்தது. ரமா மாமி பிடித்த பிடியில் என் வளையல் கையில் பதிந்தது.

"காத்துக்கு எல்லா இலையும் ஒரே பக்கம் படுத்திருக்கு. இங்க, பொட்டு அகலத்துக்கு மட்டும் நெசவு மாறுது பாருங்க. நூலை இழுத்துட்ட துணி மாதிரி சுத்திலும் சுருங்குது. யாரோ பிடிச்சு இழுக்கறாங்க."

"மாடா இருக்கும்" என்றேன். என் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

படகு நேராக அங்கே போனது. மார்பளவு சேற்றில், தண்டுகளை இரண்டு கையாலும் வாரிப் பிடித்தபடி இருந்தார். உயிரோடு! போட்டிருந்தது பச்சைச் சட்டை. பிறந்தநாளுக்கு மகன் வாங்கித் தந்ததுதான்.

ஆம்புலன்ஸுக்குள் அப்பாவின் கையை விடாமல், போனில் அதே படத்தை மறுபடி பெரிதாக்கினார் ஜெயகிருஷ்ணன். இடம் தெரிந்தும் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"தள்ளிப் பிடிங்க சார்" என்றாள் கதவருகே நின்ற அருள்மேரி.

தள்ளித்தான் பிடித்தார். அப்புறம் போனை அவளிடமே நீட்டி, "எங்கேன்னு காட்டுங்கம்மா" என்றார்.