மொட்டைப்பாறையில் தண்ணீர் முறை

அன்று காலை மொட்டைப்பாறையின் அடியில் நின்றவர்கள்: வீரய்யாவின் மனைவி வடிவம்மா, மகள் பரிமளம், வீரய்யாவின் தம்பி அழகர், தோட்டத்துத் தலைவர் பெரியதம்பி, கம்பளையிலிருந்து மண் அள்ளும் பெக்கோ மெசின் கொண்டுவந்த பஹ்மி, கிராம சேவகர், மழைப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேல் லயத்துச் சனம். வீரய்யாவும் அங்கேதான் இருந்தான். மண்ணுக்குள் எந்த இடத்தில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஹேவாஹெட்டையிலிருந்து ஏறிவரும் ரோடு தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தேயிலைக்குள் கல்படி. படி முடிகிற இடத்தில் மேல் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். லயத்துக்கு மேல் கொஞ்சம் தேயிலை, பிறகு ஊசியிலைப் பைனஸ் காடு, பிறகு ஆளுயர மானாப்புல், உச்சியில் ஒரு செடியும் ஒட்டாத கறுப்புப் பாறை. மழைக்காலத்தில் அந்தப் பாறை கண்ணிலேயே படாது. வெயில் அடித்தால் வெளியாட்கள் வந்து படம் எடுத்துப் போவார்கள். லயத்துச் சனத்துக்கு அது விறகு வருகிற இடம், தண்ணீர் வருகிற இடம், குளிர் வருகிற இடம். நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

இப்போது எல்லாரும் நின்று பார்த்தார்கள். மலையில் பாதியைக் காணவில்லை. பாறையின் கழுத்திலிருந்து லயத்தின் கோடி வரை சிவப்பாகக் கிழிந்து கிடந்தது. பைனஸ் மரங்கள் தலைகீழாகச் செருகி நின்றன. மண் இன்னும் ஈரமாக, மெதுவாக, நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஊற்று பைனஸ் காட்டின் மேல் ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து கறுப்புக் குழாய் போட்டு லயத்தார் குடம் வைத்துப் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் இறக்கியிருந்தார்கள். மழை பிடித்தால் பைனஸ் இலை வந்து குழாய் வாயை அடைக்கும். லயத்து ஆண்கள் ஆளுக்கொரு முறையாக ஏறிப்போய் அதை அள்ளிப் போட்டுவிட்டு வரவேண்டும். யார் முறை என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காகச் சண்டை வந்ததில்லை.

சில நாளுக்கு முன்பு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே பீலியில் தண்ணீர் வருவது நின்றுபோனது. அடைப்பு என்றார்கள். எத்தனையோ வருசம் அடைப்பாகத்தான் இருந்திருக்கிறது. மலைக்குள்ளேயே தண்ணீர் வழி மாறியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முறை அழகருடையது. கலியாணம் கட்டாதவன், அண்ணனுடைய ஒற்றை அறைக் காம்பராவிலேயே சாப்பாடும் படுக்கையும். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, "மழை விடட்டும், போறேன்" என்றான். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. குளிர், அட்டைக்கடி, அவ்வளவுதான். வடிவம்மா அடுப்படியில் வெறும் குடத்தை உருட்டிக் காட்டினாள். வீரய்யா படங்கை எடுத்துத் தலையில் போட்டான்.

"ஒன் மொறை வந்தாலே வானம் பொத்துக்குதுடா. படுத்துக் கெட."

சிரித்துக்கொண்டுதான் போனான். கொஞ்ச நேரத்தில் மலை இறங்கியது.

பஹ்மி மெசினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து பெரியதம்பியிடம் பேசினான். "இனி ஏலாது தலைவர். இன்னும் ஒரு பக்கெட் அள்ளினா மேல உள்ளதும் நம்மட தலையிலதான். மையத்த எடுக்க வந்து நாமளும் மையத்தாகிறதா?"

கிராம சேவகர் தலையாட்டினார். மேல் லயம் முழுக்க இன்றைக்கே காலியாக வேண்டும் என்றார். எல்லாரும் வடிவம்மாவைப் பார்த்தார்கள். அவள் விழுந்து புரளுவாள், மெசினுக்கு முன்னால் போய் உட்காருவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"போதும், நிப்பாட்டுங்க," என்றாள்.

உடல் கிடைக்காதவனுக்கு மானாப்புல்லில் ஆள் மாதிரி கட்டி, புது வேட்டி போர்த்தி, கொள்ளி வைப்பது தோட்டத்து வழக்கம். பெரியதம்பி அழகரைப் பார்த்தார். ஆண்பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி தம்பிதான் வைக்கவேண்டும். அழகருக்கு அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. மலை சரிந்த நாளிலிருந்து வடிவம்மா அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, பேசவும் இல்லை. ராத்திரியில் அவன் தட்டில் சோறு இருக்கும். வைத்தது யார் என்று தெரியாது. கொள்ளிச்சட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டால் அந்த வீட்டில் அவன் இன்னும் ஒரு ஆள். கொடுக்காவிட்டால் இல்லை.

சொல்லாமலே அரிவாளை எடுத்துக்கொண்டு சரியாத பக்கமாக ஏறினான்.

மேலே மேகம் விலகியிருந்தது. ஹந்தானை மலை நீலமாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் கண்டி. கீழே லயத்துத் தகரக் கூரைகள். பைனஸ் காடு முடிந்து அவன் நின்ற இடத்தில் மானாப்புல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது, ஒன்றும் நடக்காததுபோல. இரண்டு எட்டு தள்ளினால் வெறும் ஆகாயம். விளிம்பில் மண்ணுக்குள்ளிருந்து, ஊற்றில் செருகியிருந்த குழாயின் தலை துருத்திக்கொண்டு நின்றது. குப்புறப் படுத்துக் கையை நீட்டிக் குழாய் வாய்க்குள் விரலை விட்டான். ஒரு இலை இல்லை. வாய் சுத்தமாக இருந்தது. அண்ணன் வந்து துப்புரவாக்கிய சுத்தம் இல்லை, ஓரமெல்லாம் பாசி அப்படியே படிந்திருந்தது.

அடைப்பே இருக்கவில்லை. யார் வந்திருந்தாலும் இங்கே செய்ய ஒன்றும் இல்லை. அவன் எழுந்தான். பிறகு கை கிழிபடக் கிழிபடப் புல்லை அறுத்தான்.

புல்லுக்கட்டைக் கொண்டுவந்து வடிவம்மாவின் முன்னால் போட்டான்.

"மதினி, கொழா வாயில ஒன்னுமே அடைக்கல. நான் கைய விட்டுப் பாத்தேன். ஊத்துதான் உள்ளுக்குள்ள அத்துப் போயிருக்கு. யாரு போயிருந்தாலும் இதுதான்."

அவள் முதல்தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு போயிருந்தாலுமா?"

அவன் சொல்ல வந்தது வேறு. வாயிலிருந்து விழுந்தது அப்படி ஆகிவிட்டது. வடிவம்மா பெரியதம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தலைவரே, இந்தப் புல்லு வேணாம். வேற ஆளு அறுத்துட்டு வரட்டும். கொள்ளிய பரிமளம் வைப்பா."

பெரியதம்பி திடுக்கிட்டுப் போனார். "என்னம்மா பேசுற? தம்பிக்காரன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப பொம்பளப்புள்ள கொள்ளி வைக்கிறதா? வழக்கம்னு ஒன்னு இருக்குல்ல?"

"மலையே வழக்கப்படி நிக்கலையே தலைவரே. அவ அப்பன், அவ வைப்பா."

"மதினி," என்றான் அழகர். "நான் அவரு கூடப் பொறந்தவன்."

"அன்னைக்கும் கூடப் பொறந்தவன்தானே?" அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒன் வேலைய அவரு செஞ்சாரு. அவருக்குச் செய்யவேண்டியத நீ செய்ய வேணாம்."

யாரோ ஒருத்தர் போய் வேறு புல் அறுத்து வந்தார். அதை ஆளாகக் கட்டி, வேட்டி போர்த்தி, மெசின் அள்ளிப்போட்ட மண்மேட்டில் கிடத்தினார்கள். பரிமளத்தின் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் குளிரில் வெடவெடத்தபடி சட்டியைத் தூக்கிக்கொண்டு மண்மேட்டைச் சுற்றி வந்தாள். ஈரப்புல் சட்டென்று பிடிக்கவில்லை. பஹ்மி மெசினிலிருந்து டீசல் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகு நன்றாக எரிந்தது. வடிவம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். அழகர் மெசினுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அவனை வா என்றும் போ என்றும் யாரும் சொல்லவில்லை.

பின்னேரம் லயத்துச் சனம் கீழே இறங்கியது. ஸ்டோருக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த பழைய டிஸ்பென்சரியைத் திறந்து குடும்பத்துக்கு ஒரு அறையாகக் கொடுத்தார்கள். அழகர் அண்ணனுடைய இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தனை படியும் இறங்கினான். வடிவம்மா முன்னால் போனாள். அவன் தூக்குவதை அவள் தடுக்கவில்லை. அதையே நினைத்துக்கொண்டு இறங்கினான்.

அறையில் பழைய மருந்து வாசம். "இங்கன வைக்கவா மதினி?"

"வையி."

வைத்தான். அரிசி மூட்டையைச் சுவரோரம் தள்ளினான். ஜன்னலில் உடைந்திருந்த கண்ணாடிக்குச் சாக்கை மடித்து அடைத்தான். பரிமளம் பாயை உதறி விரித்தாள், தனக்கும் அம்மாவுக்கும் இரண்டு. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தப்பா, ஒங்க பாயி?"

"வெளிய இருக்கு. எடுத்தாறேன்."

வடிவம்மா அடுப்புக்கு மூன்று கல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அவன் வராந்தாவுக்கு வந்தான். பாயும் துணிப்பையும் தூணோரம் கிடந்தன, மழைச் சாரலில் பாதி நனைந்து. குனிந்து பாயைச் சுருட்டினான். உள்ளே பரிமளம் தணிந்த குரலில், "அம்மா, வேணாம்மா," என்றது கேட்டது. அவன் நிமிர்வதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. துருப்பிடித்த பூட்டுக்குள் சாவி கொஞ்சம் சிக்கி, பிறகு முழுதாகத் திரும்பியது.