வாத்துக்குத் துணை

காலையில் எழுந்ததும் அவன் குளியல் தொட்டியில் தண்ணீர் மாற்றுவான். முதலில் வாத்து குளிக்கும், பிறகு அவன். அதற்குக் கீரை நறுக்கிப் போட்டுவிட்டுத் தான் ரொட்டி தின்பான். பிறகு இருவரும் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புவார்கள்.

விலங்கு நடத்தைப் படிப்பில், ஆய்வுக்காக அவன் குஞ்சு பொரிக்கவைத்த வாத்து அது. கண் திறந்ததும் பார்த்தது அவன் முகத்தை. அன்றிலிருந்து அவன்தான் அதற்கு அம்மா. இப்போது ஆய்வு முடிந்துவிட்டது. அவன் மனைவியும் காய்ச்சலில் இறந்துபோனாள். வாத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதா என்று பார்க்கப் பேராசிரியை வீட்டுக்கே வந்தார். கூடவே அவனுடைய வகுப்புத் தோழி ஒருத்தி.

"கண்ணு பளபளன்னு இருக்கு மேடம், நல்லாத் திங்குது," என்றாள் தோழி. "இன்னொண்ணுதான் மூலையில உக்காந்து சுவத்தையே பாக்குது. முடி சிக்கு. கூப்பிட்டாலும் திரும்பல."

"அது விலங்கு இல்லம்மா, இவரு!" என்றார் பேராசிரியை.

"ஒரே கூண்டுல இருக்குற எல்லாத்தோட நலத்துக்கும் மார்க் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பேராசிரியை யோசித்தார். சோர்ந்த விலங்கிடமிருந்து துணையைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. மனிதனுக்கு அது செல்லுமா?

"உங்க வீட்டம்மாவுக்கு இது மேல பிரியமா?" என்று அவனிடம் கேட்டார்.

அவன் அப்போதுதான் சுவரிலிருந்து திரும்பினான். "உயிரு மேடம். இதை யாருக்கும் குடுத்துடாதீங்கன்னுதான் கடைசியா சொன்னா."

தோழி மூக்கைச் சிந்தினாள். பேராசிரியை வாத்தை அவனிடமே விட்டுவிட்டுப் போனார்.

மருத்துவமனைக் கட்டிலில் மனைவி உண்மையில் கடைசியாகச் சொன்னது: "நான் திரும்பி வர்றதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க. அந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த வாத்து இருக்கணும்."