நரம்புகாட்டி

சுபோதினியின் கையில் ஊசி குத்தாத இடம் என்று பார்த்தால் மோதிரம் போட்ட இடம் மட்டும்தான். கீமோ மருந்து ஏறி ஏறி இரத்தக்குழாய்கள் எல்லாம் ஒளித்துக்கொண்டன. வெள்ளிக்கிழமை தவறாமல் இரத்தப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து குத்து, ஆறு குத்து. கணவன் உமாசுதனால் அதைப் பார்த்து நிற்க முடியவில்லை. மெஷின் படித்தவன் சும்மா இருப்பானா? கமராவும் சிவப்பு லைட்டும் வாங்கி, ஆறு மாதம் மினக்கெட்டு, தோலுக்கடியில் ஓடும் குழாயைக் குட்டித் திரையில் காட்டும் கருவி ஒன்றைச் செய்தே விட்டான்.

அதை வெள்ளவத்தையில் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர் நாகேந்திரத்திடம் சும்மாவே கொடுத்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்கு வரும் நேர்ஸ் மரியகொறற்றி திரையைப் பார்த்துச் சுபோதினிக்குக் குத்தினாள்.

"மாதாவே! ஒரே குத்துல வந்திருச்சு அக்கா!"

அதோடு விட்டிருக்கலாம். பெயர் வைக்கப் போனார்கள்.

"நாளங்காட்டி எண்டு வைப்பம் டொக்டர். பள்ளிக்கூடப் புத்தகத்திலை இரத்தக்குழாய்க்கு நாளம் எண்டுதானே இருக்கு."

"உமக்கென்ன விசரே? கலண்டர் எண்டு நினைச்சுத் தீபாவளி எப்ப எண்டு கேப்பினம். சனம் நரம்பு எண்டுதானே சொல்லுது? நரம்புகாட்டி எண்டு போடும்."

போட்டான். வாசலில் போர்டு ஏறிய மறுநாள் கியூ பெரிய ரோட்டான காலி வீதிவரை நின்றது. பிடரி நோவு, இடுப்புப் பிடிப்பு, கால் விறைப்பு! வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற பூபாலசிங்கம் வெளிச்சத்துக்குக் கீழே மூன்று நிமிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு எழும்பி, நோவு பறந்துவிட்டது என்றார்.

"அங்கிள், இது சுகமாக்கிற மெஷின் இல்லை. ஊசி குத்திற இடத்தைக் காட்டிறது."

"தம்பி, செய்தவனுக்கு என்ன தெரியும்? சுகம் வந்தவனைக் கேளும்!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டொக்டர் கருவியை ஏசி அறைக்கு மாற்றி, வாசலில் டோக்கன் கொடுக்கவும் தொடங்கிவிட்டார். மரியகொறற்றியின் அறையில் பழையபடி ஊசியும் பஞ்சும்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது.

"டொக்டர், இவவின்ரை கையை ஒருக்கா..."

"ஊசி போடுறதெல்லாம் பக்கத்து அறை. இது நரம்பு வருத்தக்காரருக்கு."

உமாசுதனுக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்காகச் செய்தான் பாவி! சுபோதினி அவனைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"எனக்கும் நரம்பு வருத்தம்தான் டொக்டர். முழங்கைக்குள்ளை விண் விண் எண்டு குத்துது."

டோக்கன் நாற்பத்து மூன்று. இரண்டரை மணித்தியாலம் காத்திருந்து, உள்ளே போய், வெளிச்சத்தின் கீழ் கையை நீட்டினாள். டொக்டர் வாசலில் நாற்பத்து நான்கைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுபோதினி கைப்பையில் இருந்து பேனையை எடுத்தாள். திரையைப் பார்த்துப் பார்த்துத் தோலில் நீலக்கோடு ஒன்று இழுத்தாள்.

பக்கத்து அறையில் மரியகொறற்றி கோட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கோட்டின் மேலேயே ஊசியை வைத்தாள். ஒரே குத்து. இரத்தம் வந்தது.

வெளியே இரண்டாவது முறைக்காகக் காத்திருந்த பூபாலசிங்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நரம்பு சுகமே?"

"ஓம் அங்கிள். ஒரே தரத்திலை."

காலி வீதிக்கு வந்ததும் அவள் பஞ்சை அமத்திப் பிடித்தபடி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, வீட்டிலை வைக்க இன்னொண்டு செய்யுங்கோ. ஆனா பேர் மட்டும் வையாதேங்கோ."