பெரட்டில் அண்ணனை எப்படிக் கூப்பிடுவது

1

வண்டியில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் என் கணவர் தேவதாஸ். பக்கத்தில் நான், ரமணி, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். எனக்குப் பின்னால் மகன் பவனேஷ், காதில் இயர்போன். கணவருக்குப் பின்னால் சின்னவள் நித்தியா. பிள்ளைகளுக்கு நடுவில் ஐஸ் பெட்டி.

யார் யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட வேண்டும், அப்புறம்தான் சங்கதி. எங்கள் சின்ன ஊர்த் தமிழ்ப்பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது அப்படித்தான் சொன்னார்கள். கதைக்கும் அதையே செய்கிறேன். இந்தக் கதை பிறந்ததே அந்த நடு இருக்கையில்தான். அது என் நாத்தனார் பிரமிளாவின் இடம். பள்ளி விடுமுறையில் எங்கே போனாலும் பிள்ளைகளை இரண்டு தோளிலும் சாய்த்துக்கொண்டு வருவாள். இரண்டு தீபாவளியாக அங்கே ஐஸ் பெட்டி வருகிறது.

2

முதல் தொடக்கம்: "ரப்பர் மரங்களுக்கிடையே பனி மெல்ல..."

அடித்துவிட்டேன். பனியாவது! வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாம் தொடக்கம்: "அண்ணன் தங்கை உறவு என்பது..."

இதையும் அடித்தாயிற்று. கட்டுரைப் போட்டியா நடக்கிறது?

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். கடலோரத்துச் செகிஞ்சானுக்கு மீன் சாப்பிடக் கிளம்பினோம். வழியில், பழைய தோட்டம் ஒன்றை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் நிறுத்தச் சொன்னேன். ஆட்கள் குடியிருந்த லயம், ஆபிஸ் எல்லாம் உண்டு. அந்தக் காலத்து உடையில் ஆட்கள் நடமாடுவார்கள், நம்மோடு பேசுவார்கள். பிரமிளாவுக்கு அங்கேதான் வேலை. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியிலயே இருக்கேன்."

"ஏங்க, ஏசியப் போட்டுக்கிட்டு எம்புட்டு நேரம் இருப்பீங்க?"

"அப்பா, உள்ள லோரி சவாரி இருக்குலா!" என்றாள் நித்தியா. "அப்பா வராட்டி நானும் ஏறமாட்டேன்."

இறங்கினார்.

[இந்த இடத்தில் தேவதாஸ் கல்நெஞ்சக்காரராகத் தெரிகிறார். கதை எழுதுகிறவளுக்கு அது வசதி; மனைவிக்கு இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டித்தான் தங்கையைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். அப்புறம் ரவாங்கில் நல்ல ஆபிஸ் வேலை. அதை விட்டுவிட்டு இங்கே வந்தாள். "தோட்டத்த விட்டு வெளிய வரத்தான் இம்புட்டுப் பாடும். நீ வேஷம் கட்டிக்கிட்டு மறுபடி உள்ள போறியா?" என்று கேட்டார். அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.]

3

பெரட்டு என்றால் விடியலில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. இங்கே அதைச் சுட்டெரிக்கும் வெயிலில், வந்தவர்களை வைத்து நடத்துகிறார்கள். வாசலில் பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். பவனேஷ் எங்கள் நாலு பேரையும் எழுதிவிட்டான். தோட்டத்துக் கணக்கரான கிராணி கூப்பிடும்போது "இருக்கேன்யா" என்று சொன்னவர்களுக்குத்தான் லோரி.

கிராணி வந்தார். வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, மீசை.

"அம்மா! அத்தைக்கு மீச!"

(வழக்கமான கிராணிக்கு அன்று லீவாம். பிரமிளாவை டிக்கெட் கவுண்டரில்தான் எதிர்பார்த்தேன். இந்த மீசையை நானாகக் கற்பனை செய்திருந்தால் கூச்சப்பட்டு எடுத்திருப்பேன்.)

பிரமிளா அசரவில்லை. "பெரட்டுல யாரு சத்தம்? அரை நாள் சம்பளத்த வெட்டிருவேன்! பவனேஷ்!"

"இருக்கேன்யா."

"நித்தியா!"

"இருக்கேன் அத்தை... யா!"

"ரமணி!"

அண்ணி என்ற வாய் என்னைப் பேர் சொன்னது அதுதான் முதல் தடவை. "இருக்கேன்யா," என்றேன் மிடுக்காக.

"தே..."

நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் தங்கை அண்ணனைப் பேர் சொல்லமாட்டாள். ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்டால்கூட "அண்ணி, நீங்க சொல்லுங்க" என்பாள். நானும் சொல்லமாட்டேன். அவருடைய அடையாளக் கார்டை நீட்டிவிடுவோம். (எழுதுவது வேறு.)

"தே..." மறுபடியும். மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"அப்பா, சொல்லுங்கப்பா, லோரி போயிரும்!"

"இன்னும் பேரே கூப்பிடலயேம்மா," என்றார் அவர் மெதுவாக.

பிரமிளா தொப்பியைக் கழற்றினாள். "அண்ணே," என்றாள்.

நடிப்பென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அதே நேரம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வேஷத்தில் இருந்தவர், பெரட்டு முடிந்தது என்று தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை டணாரென்று அடித்தார். நான் என் கணவருக்குப் பின்னால் நின்றேன். முதுகுதான் தெரிந்தது. தலை அசைந்த மாதிரி இருந்தது. ஏதாவது சொன்னாரா என்பது அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

4

முடிவுகள்:

அ) "இருக்கேன்யா" என்றார். கிராணிக்குச் சொன்ன பதில்.

ஆ) "இருக்கேம்மா" என்றார். தங்கைக்கு.

இ) ஒன்றுமே சொல்லவில்லை.

கேட்டுப் பார்த்தேன். "அவகிட்ட என்னங்க சொன்னீங்க?"

"பசிக்குது. செகிஞ்சான்ல கடைய மூடிருவான்."

ஆனால் கிளம்பும் முன் ஐஸ் பெட்டியைத் தூக்கி வண்டியின் பின்பக்கம் வைத்தார்.

"எதுக்குங்க?"

"பிள்ளைங்களுக்கு இடிக்குதுலா."

இரண்டு தீபாவளியாக இடிக்காத பெட்டி.

இதோடு முடித்துவிடலாம் என்பீர்கள். எனக்குப் போதாது. முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். ஆனால் நீங்களும் என்னைப் போல அவர் முதுகைத்தான் பார்த்தீர்கள். முகத்தைப் பார்த்து நின்றவள் ஒருத்திதான்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் ஓர் இதயப் படம் அனுப்புவாள். அதை வைத்து எந்தக் கதையை முடிப்பது?

5

அன்புள்ள பிரமிளா,

மேலே உள்ளது என் கதை. நல்ல கதை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அ, ஆ, இ மூன்றில் இரண்டை அடித்துவிட்டு அனுப்பு. மூன்றுமே தப்பென்றால் கீழே இடம் விட்டிருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு மீசை வேண்டாம், நீ மட்டும் வந்தால் போதும். நடு இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி

6

(உறையை ஒட்டிவிட்டேன். ஆகவே இது பிரமிளாவுக்குத் தெரியாது, உங்களுக்கு மட்டும்.)

வேலைக்குக் கிளம்பியவரிடம் கொடுத்தேன். "போற வழியில போட்டுருங்க."

உறையைத் திருப்பிப் பேரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தபால்தல ஒட்டலயே?"

"மறந்துட்டேங்க. மேசையில இருக்கு."

எடுத்து அவரே ஒட்டினார். கோணலாகிவிடாமல் பெருவிரலால் நாலு மூலையையும் அழுத்தினார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லோரியில் ஏறினார்.