அத்தான் மாத்திரை சாப்பிட்டுவிட்டார்

அத்தான் இறந்த இருபதாம் நாள் காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு, அவர் மாத்திரை சாப்பிட்டுவிட்டதாக என் போனுக்குச் செய்தி வந்தது.

என் இதயம் வாய்வழியாக வெளியே வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் திரும்ப உள்ளே போனது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகள் தாமாகவே மடித்துக்கொண்டன. சந்தேகம் இருந்தால் அந்தச் சட்டைகளையே கேளுங்கள்.

இந்த ஏற்பாடு முழுக்க என் கைவேலை. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் என் காதுவழியாகத்தான் போய் வந்தது. ஓய்வு பெற்றுவிட்டால் மட்டும் கை சும்மா இருக்குமா? அக்காவின் கணவருக்கு, அதாவது அத்தானுக்கு, ரத்த அழுத்தம். மாத்திரை என்றால் விலாங்கு மாதிரி நழுவுவார். அவர் போனில் ஒரு ஹெல்த் ஆப்பை ஏற்றினேன். காலை எட்டுக்கு அது கூப்பிடும். ‘சாப்பிட்டேன்’ என்ற பட்டனை அமுக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அமுக்கியதும் எனக்குச் செய்தி வரும். ‘இன்று வேண்டாம்’ என்று இன்னொரு பட்டனும் இருந்தது. ஆளை நம்பமுடியாது என்று அதை நானே மறைத்துவிட்டேன். மணியோசைக்குப் பதிலாக அவர் குரலையே பதிந்து வைத்தேன். தினமும் அக்காவிடம் கேட்கிற அதே கேள்வி: “ஏம்மா, என் மாத்திரை எங்க?”

என் போனிலும் இதே ஆப்தான். நானோ மாத்திரையை ஜன்னலோரப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு ‘சாப்பிட்டேன்’ என்று கூசாமல் அமுக்குகிறவன். அந்தச் செடிக்கு இன்றுவரை ரத்த அழுத்தம் கிடையாது.

மறுநாளும் செய்தி வந்தது. எட்டு மணி ஆறு நிமிடம். அதற்கு மறுநாள் எட்டு ஐந்து. உயிரோடு இருந்தவரை ஒன்பதரைக்கு முன் அமுக்கியறியாத மனிதர், செத்தபிறகு நாளுக்கு நாள் சுறுசுறுப்பாகிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் ஆப் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“பழைய மெசேஜ் எங்கேயாவது மாட்டிக்கிட்டு இப்ப வந்து விழுதாம்மா? எங்க காலத்துல தந்தி அப்படித்தான் வரும்.”

“இல்ல சார். இதுல ரெண்டு விதம் இருக்கு. எட்டு மணிக்குக் கூப்பிடறது லோக்கல். அது அந்த போனுக்குள்ளேயே இருக்கு, நெட் இல்லைன்னாலும் கூப்பிடும். உங்களுக்கு வர்றது புஷ். அவர் அங்க பட்டனை அமுக்கினா எங்க சர்வருக்குத் தெரியும், நாங்க உங்களுக்கு அனுப்புவோம்.”

“அவர் செத்து மூணு வாரமாச்சும்மா.”

அந்தப் பக்கம் கணினியில் ஏதோ தட்டிப் பார்த்தாள்.

“அப்படின்னா… யாரோ அமுக்கறாங்க சார்.” அவள் குரல் இறங்கியிருந்தது. “இன்னிக்குக்கூட. எட்டு நாலுக்கு.”

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. அத்தான் போனபிறகு அவள் தனி. மறுநாள் எட்டு மணிக்குச் சற்று முன், என்னிடம் இருந்த சாவியால் சத்தமில்லாமல் திறந்துகொண்டு உள்ளே போனேன். வெளியே நல்ல வெயில். கூடத்தில் அவர் செருப்பு போட்டது போட்டபடி கிடந்தது.

படுக்கையறையிலிருந்து அத்தான் கேட்டார்: “ஏம்மா, என் மாத்திரை எங்க?”

படுக்கையறைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

“இதோ வந்துட்டேன்,” என்று சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். ஒரு கையில் டம்ளர், அதை மூடிய சிறு தட்டில் மாத்திரை. மறுகையால் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் உட்கார்ந்து, வெறும் தலையணையை நோக்கி மாத்திரையை நீட்டினாள். காத்திருந்தாள். பிறகு அதைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, தலையணையருகே இருந்த அவர் போனை எடுத்து அமுக்கினாள். என் சட்டைப்பை அதிர்ந்தது.

“அக்கா! அது அத்தானோட மாத்திரை!”

அவள் திடுக்கிடக்கூட இல்லை. “தெரியும். மெதுவா பேசுடா.”

“தெரிஞ்சுமா முழுங்கற?”

“போட்டோ பார்க்கலாம்னு ஆஸ்பத்திரிப் பையிலேர்ந்து போனை எடுத்து சார்ஜ் போட்டேன். மறுநாள் காலைல கூப்பிட்டார். ரெண்டு தடவை கேட்டார். கொண்டுவந்து நீட்டினேன், யார் வாங்கறா? சாப்பிடாம சாப்பிட்டேன்னு எப்படிடா அமுக்கறது? உன்னை மாதிரி பொய் சொல்ல எனக்கு வராது. இன்னொரு பட்டனும் இல்ல.”

இன்னொரு பட்டனை மறைத்தது யார்? அப்போதுதான் அவள் நெற்றியைப் பார்த்தேன். எலுமிச்சை அளவு வீக்கம்.

“குளியலறைல தலை சுத்திச்சு. ரெண்டு தடவைதான்.”

உடனே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவள் கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். நம்பவில்லை, மறுகையிலும் அளந்தார்.

“எகிறின பிரஷரை இறக்கற மாத்திரை இது. இவங்களுக்கு ஏற்கெனவே இறங்கின பிரஷர். இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டாங்க.” இதை அக்காவிடம் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மீதி இருந்த மூன்று மாத்திரை அட்டைகளையும் என் பையில் போட்டேன். அத்தானின் போனை எடுத்து, ஆப்பையே நீக்கிவிட விரலை வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை பலவீனத்திலும் பிடி இரும்பு.

“மாத்திரைய எடுத்துட்டுப் போ. அவர விட்டுட்டுப் போ.”

விரலை எடுத்தேன்.

வெகுநேரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். பட்டியலிலிருந்து மாத்திரையை அழித்து, அதே எட்டு மணிக்கு ‘ஒரு டம்ளர் தண்ணீர்’ என்று ஏற்றினேன். மறைத்த பட்டனைத் திரும்ப வைத்தேன். குரலைத் தொடவில்லை. சோதித்துப் பார்த்தோம்.

“ஏம்மா, என் மாத்திரை எங்க?”

“தீர்ந்துபோச்சுங்க,” என்றாள் அக்கா, தலையணையைப் பார்த்து. “தண்ணி குடிங்க.” டம்ளரைத் தானே காலி செய்தாள்.

மறுநாள் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு எனக்குச் செய்தி வந்தது: ‘அத்தான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார்.’ ஏற்றியவன் நானே. இருந்தும் பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

அடுத்த நொடி என் ஆப்பும் மணியடித்தது. பழக்கதோஷத்தில் விரல் ‘சாப்பிட்டேன்’ பக்கம் போனது. பாதியில் நின்றது. செத்தவரே சொன்ன நேரத்துக்குக் குடிக்கிறார். மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினேன், அதன்பிறகே அமுக்கினேன்.

அன்றிலிருந்து பூந்தொட்டிக்குப் பட்டினி.