எழுந்து நின்ற சேவல்

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம், பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிகள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேருக்குக் கால் வீங்கிப்போனது. பழனியாண்டியின் மனைவி செல்லாயி படுத்த படுக்கை. புழுங்கலரிசிக் கப்பல் நின்றுபோய், தீட்டிய வெள்ளையரிசியையும் மரவள்ளியையும் தின்றதால் வந்த வினை என்று பழனியாண்டியிடம் சொன்னார், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ராமநாதன்.

"தவிட்டுல ஒரு சத்து இருக்குப்பா, கண்ணுக்குத் தெரியாது. சோறு விறகுன்னா அதுதான் நெருப்புக்குச்சி. அது இல்லாம எவ்வளவு அடுக்கினாலும் உள்ளுக்குள்ள எரியாது."

"தவிடு மாட்டுக்குல்லய்யா?"

"இப்ப ஜப்பான்காரன் குதிரைக்கு. யான் ஊரு மில்லுத் தவிடு பூரா அங்கதான் போவுது. தவிட்டுல குணமாவறதக் கண்ணு முன்னால காட்டினா மூட்டை தர்றேங்கிறான் அவங்க டாக்டரு."

அதற்காகவே ராமநாதன் ஒரு சேவலுக்கு வெள்ளைச்சோறு மட்டும் போட்டு வந்தார். அது கழுத்து முறுக்கி, கால் மடங்கி விழுந்ததை அந்த டாக்டரும் பார்த்துவிட்டுப் போனான். பிறகு, கிடைத்த ஒரு பிடி தவிட்டை ஊறவைத்து வடிகட்டி, தலையைத் தூக்கிப் பிடித்து அதன் வாயில் ஊற்றினார். மறுநாள் சேவல் எழுந்து நின்று கூவியது. டாக்டர் வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஆஸ்பத்திரி கூட்டுகிற பழனியாண்டியிடம் கூண்டை ஒப்படைத்தார்.

"பத்திரம்லா, பழனி."

தண்ணீர் ஊற்றினால் செத்தது எழுமா? தான் வேண்டிக்கொண்ட முனியாண்டிதான் எழுப்பியிருக்கிறார் என்று பட்டது பழனியாண்டிக்கு. சாமி கொடுத்த உயிரைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்தால் செல்லாயியையும் எழுப்பாமலா போவார்? முனி மரத்தடியில் சேவலை அறுத்துவிட்டான். குழம்பை ஊட்டியபோது அவள் சிரித்தாள்.

"உப்பில்லாட்டியும் கோழி கோழிதான். எவன் வீட்டுல திருடுன?"

"சாமிக்குக் கொடுத்தது. பேசாம தின்னு."

டாக்டர் வந்தான். வெறும் கூண்டைப் பார்த்தான். கழுத்தைச் சாய்த்து, நாக்கைத் தொங்கவிட்டு, செத்துப்போச்சா என்று சைகையில் கேட்டுச் சிரித்துவிட்டுக் காரேறினான்.

ராமநாதன் திட்டவில்லை. "எழுப்புனது முனி இல்லப்பா, அந்தத் தண்ணி" என்றார்.

"அதை அவளுக்கே ஊத்தியிருக்கலாமேய்யா!"

"ஒரு பிடி சேவலுக்குத்தான் பத்தும். சேவலக் காட்டித்தான் லயத்துக்கே வாங்க நெனச்சேன்."

பழனியாண்டி ரோட்டுக்கு ஓடினான். குதிரை லாயத்துக்குப் போகும் தவிட்டு லோரி அப்போதுதான் கடந்திருந்தது. சிந்தியதை மண்ணோடு வழித்து, வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்து, ஊறவைத்து வடிகட்டினான். செல்லாயிக்கு அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ராமநாதன் சேவலுக்குச் செய்ததுபோலவே தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினான்.

தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அவன் துடைத்துத் துடைத்து ஊற்றிக்கொண்டே இருந்தான்.